தட்டில் பாதி அப்படியே மிஞ்சுவது ஏன்?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. ஒன்றரை மாதத்துக்கு முன் மூளையின் வலப்பக்கத்தில் பக்கவாதம் வந்தது. இப்போது நடக்கிறார், தெளிவாகப் பேசுகிறார். ஆனால் தட்டின் இடது பாதியில் இருப்பதைத் தொடுவதே இல்லை; வயிறு நிறையவில்லை என்கிறார். இடக் கன்னத்தைச் சவரம் செய்யாமலே எழுந்துவிடுகிறார். கண்ணில் கோளாறு இல்லை என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார். வேண்டுமென்றே செய்கிறாரோ என்று அம்மாவுக்குக் கோபம். இது என்ன டாக்டர்?

பதில்: முதலில் அம்மாவைச் சமாதானப்படுத்துங்கள். அப்பா அடம்பிடிக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை தட்டு காலி.

கண்ணிலிருந்து கிளம்பும் தகவல் மூளையின் நடுவே உள்ள தாலமஸ் என்ற இடைநிலையம் வழியாகப் பிடரிப் பக்கம் உள்ள ஆக்ஸிபிட்டல் மடல் என்ற மூளைப் பகுதிக்குப் போகிறது. ஒலி, பொட்டுப் பக்கத்து டெம்போரல் மடலுக்கு. தொடுஉணர்வு, உச்சிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் பெரைட்டல் மடலுக்கு. பெரைட்டல் மடலுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு: எது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கணக்கு வைத்து, கவனத்தை அங்கே திருப்புவது. இதில் வலது மடல் இரண்டு பக்கத்தையும் கவனிக்கும். இடது மடல் பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டும். அதனால் வலது மடல் அடிபட்டால் இடப்பக்கத்தைக் கவனிக்க ஆளே இல்லாமல் போகிறது. இதை ‘நெக்லெக்ட்’ (ஒரு பக்கப் புறக்கணிப்பு) என்போம்.

இது கண்ணோடு நிற்கிற விஷயம் அல்ல. 1978இல் பிசியாக், லுசாட்டி என்ற இத்தாலிய ஆய்வாளர்கள், மிலான் நகரின் பேராலயச் சதுக்கத்தை மனத்தில் நினைத்து விவரிக்கும்படி இத்தகைய நோயாளிகளிடம் கேட்டார்கள். ஆலயத்தைப் பார்த்து நிற்பதாக நினைத்தபோது வலப்பக்கக் கட்டடங்களையே பெரிதும் சொன்னார்கள். ஆலய வாசலில் நின்று எதிர்ப்புறம் பார்ப்பதாக நினைக்கச் சொன்னதும், முன்பு விட்டுப்போனவை வந்துவிட்டன. முன்பு சொன்னவை காணாமல் போயின! நினைவு அழியவில்லை, இடப்பக்கம்தான் விடுபடுகிறது.

வீட்டிலேயே ஒரு கடிகாரம் வரையச் சொல்லிப் பாருங்கள். எண்களையெல்லாம் வலது பாதியிலேயே நெருக்கி எழுதினால் சந்தேகம் வலுக்கும். வெறும் பார்வைப்புல இழப்பு (ஒரு பக்கம் பார்வைக்கே தெரியாமல் போவது) என்றால், பெரும்பாலும் குறையை உணர்ந்து அவரே தலையைத் திருப்பித் தேடுவார். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஆகவே பார்வைப்புலத்தை அளக்கும் பெரிமெட்ரி பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் நன்றாக இருக்கும், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டை இப்போதே பாருங்கள். தட்டின் இட ஓரத்திலும் செய்தித்தாளின் இட ஓரத்திலும் சிவப்பு டேப் ஒட்டி, அது தெரியும்வரை தலையைத் திருப்பப் பழக்குங்கள். தண்ணீர், போன், அழைப்பு மணி மட்டும் வலப்பக்கமே இருக்கட்டும். இடக் கையில் சூடு பட்டிருக்கிறதா, கதவில் இடித்திருக்கிறதா என்று தினமும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். அவர் சொல்ல மாட்டார். வண்டிச் சாவியை எடுத்து வைத்துவிடுங்கள். ‘எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் ஓட்டுவேன்’ என்பார், அதுவும் இந்த நோயின் குணம்தான்.