இன்ஜினியரிங் முடித்தவர் அமெரிக்காவில் துரித நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிப்பது எப்படி? பி.எஸ்.என். (இளநிலை நர்சிங் பட்டம்) நல்லதா, நேரடி மாஸ்டர்ஸ் நல்லதா?

கேள்வி கேட்டவர் தன் நிலையைச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார்: இ.சி.இ. முடித்து, ஐ.டி.யில் வேலை பார்த்து, இப்போது எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசா வைத்திருப்பவரின் கணவன் அல்லது மனைவிக்கான விசா) அமெரிக்காவில் இருக்கிறார். ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்களுக்கான துரித நர்சிங் படிப்பில் சேர ஆசை. நானும் ஏறக்குறைய இதே வழியில் வந்து ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) ஆனவள் என்பதால் எழுதுகிறேன்.

எந்தக் கல்லூரி என்று தேடும் முன் விசாவைப் பாருங்கள். எச்-4இல் படிக்கத் தடையில்லை. வேலை பார்க்கத்தான் ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும். 2015இல் வந்த விதிப்படி, எச்-1பி வைத்திருக்கும் உங்கள் கணவருக்கோ மனைவிக்கோ ஐ-140 (நிறுவனம் கொடுக்கும் கிரீன் கார்டு மனு) ஒப்புதல் ஆகியிருந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். படித்து முடித்தபின் மருத்துவமனையே எச்-1பி எடுத்துத் தரும் என்று நம்பி இறங்க வேண்டாம். இரண்டு வருட அசோசியேட் பட்டம் இருந்தாலே ஆர்.என். ஆகலாம் என்பதால், சாதாரண வார்டு நர்ஸ் வேலைக்கு எச்-1பி கிடைப்பது அரிது. கிரீன் கார்டுக்கு ஷெட்யூல் ஏ என்று நர்ஸ்களுக்கு ஒரு சலுகை உண்டுதான். அது லேபர் சர்ட்டிபிகேஷன் (அந்த வேலைக்கு உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்று நிரூபிப்பது) படியை மட்டும் மிச்சப்படுத்தும். இந்தியாவில் பிறந்தவர்கள் நிற்கும் வரிசையைக் குறைக்காது. ஈ.ஏ.டி.க்கோ கிரீன் கார்டுக்கோ வழி தெரியாமல் பெரிய தொகையைக் கட்டிச் சேர்வதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சரி, இனி எந்த வழி என்ற கேள்வி. துரித பி.எஸ்.என். பொதுவாக 11 முதல் 18 மாதம். செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971லேயே இதைத் தொடங்கிவிட்டது, அதனால் 'ஒரு வருடத்தில் நர்ஸா?' என்று எந்த மருத்துவமனையும் முகம் சுளிப்பதில்லை. நேரடி மாஸ்டர்ஸில் இரண்டு ரகம் உண்டு, பலரும் குழம்புவது இங்கேதான். கொலம்பியாவின் 15 மாதப் படிப்பு, ஜான்ஸ் ஹாப்கின்ஸின் ஐந்து செமஸ்டர் படிப்பு போன்றவற்றை முடித்தால் கையில் மாஸ்டர்ஸ் பட்டம் இருக்கும், ஆனால் நீங்கள் பொது நர்ஸ்தான். நர்ஸ் ப்ராக்டிஷனர் (நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் தகுதி பெற்ற நர்ஸ்) ஆகிவிட மாட்டீர்கள். யேல் போன்ற இடங்களில் முதல் வருடம் அடிப்படை நர்சிங், அப்புறம் இரண்டு வருடம் சிறப்புப் பிரிவு. அதை முடித்தால் ப்ராக்டிஷனராகவோ, பிரசவம் பார்க்கும் மிட்வைஃபாகவோ வெளியே வரலாம்.

எந்த வழியில் போனாலும் எழுதுவது அதே என்கிளெக்ஸ் தேர்வு, கிடைப்பது அதே ஆர்.என். உரிமம். வார்டில் முதல் வேலைக்குச் சேரும்போது பக்கத்தில் நிற்கும் பி.எஸ்.என். காரருக்கும் உங்களுக்கும் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால் பொது நர்ஸாகத் தொடங்கத்தான் போகிறீர்கள் என்றால், கட்டணம் குறைவான துரித பி.எஸ்.என். போதும். ப்ராக்டிஷனர் படிப்பை, எந்தப் பிரிவு பிடிக்கிறது என்று வார்டில் நின்று பார்த்தபிறகு, வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். பல மருத்துவமனைகள் அதற்குக் கட்டணத்தில் ஒரு பங்கும் கொடுக்கின்றன. மாஸ்டர்ஸ் என்ற பெயருக்காக மட்டும் கூடுதல் பணம் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

விண்ணப்பத்தில் முக்கால் பங்கு ப்ரீ-ரெக்விசிட்தான், அதாவது சேர்வதற்கு முன்பே முடித்திருக்க வேண்டிய பாடங்கள். அனாடமி அண்ட் பிசியாலஜி ஒன்று, இரண்டு, மைக்ரோபயாலஜி, மூன்றும் லேபோடு. ஸ்டாட்டிஸ்டிக்ஸ், நியூட்ரிஷன், பிறப்பிலிருந்து முதுமை வரைக்குமான வளர்ச்சி உளவியல் ஆகியவையும் வேண்டும். பல இடங்களில் கெமிஸ்ட்ரியும் கேட்பார்கள். அனாடமியில் ஒன்றை முடித்தால்தான் இரண்டாவதில் சேர விடுவார்கள் என்பதால் எல்லாவற்றையும் ஒரே செமஸ்டரில் அடுக்க முடியாது. விண்ணப்பம் திறப்பதற்கு ஒரு வருடத்துக்கும் மேல் முன்னதாகவே கம்யூனிட்டி காலேஜில் உட்கார்ந்திருக்க வேண்டும். கட்டணமும் அங்கேதான் கட்டுப்படியாகும். ஆன்லைன் லேபைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. அறிவியல் பாடங்கள் ஐந்து, ஏழு அல்லது பத்து வருடத்துக்குள் படித்ததாக இருக்க வேண்டும் என்று காலாவதிக் கணக்கும் உண்டு. சில இடங்களில் ஒரு பாடத்தை ஒருமுறைக்கு மேல் திரும்ப எழுதினால் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஆகவே 'முதலில் சேர்ந்து பார்ப்போம், சரியாக வராவிட்டால் மறுபடி எடுப்போம்' என்பது இங்கே செல்லாது.

இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு இந்தப் பாடங்கள் கஷ்டம் என்பதைவிட வேறு மாதிரியானவை என்று சொல்வேன். நமக்குச் சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை வருவித்துவிடும் பழக்கம். அனாடமி லேபில் அது எடுபடாது. லேப் தேர்வில் மேஜைக்கு மேஜை ஓர் எலும்போ, மாதிரியோ, மைக்ரோஸ்கோப்பில் ஒரு ஸ்லைடோ இருக்கும். ஊசி குத்தியிருக்கும் இடத்தின் பெயரை ஒரு நிமிடத்தில் எழுதிவிட்டு அடுத்ததுக்கு நகர வேண்டும். தொடை எலும்பு என்று எழுதினால் பாதி மதிப்பெண்தான், வலதா இடதா என்றும் சொல்ல வேண்டும். உருண்டைத் தலை உடம்பின் நடுவை நோக்கி இருக்க வேண்டும், நீளவாக்கில் ஓடும் மேடு பின்பக்கம் வர வேண்டும்; இப்படிக் கையில் பிடித்துத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு வருபவர்கள் இந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். திறந்திருக்கும் நேரமெல்லாம் லேபுக்குப் போங்கள். பேராசிரியருக்கு உங்கள் முகம் பழகும், பரிந்துரைக் கடிதம் கேட்கவும் தோதாக இருக்கும்.

நம்ம ஊர்ப் பட்டத்தை டபிள்யூ.இ.எஸ். போன்ற நிறுவனத்திடம் கொடுத்து, பாடவாரியாக மதிப்பிட்ட அறிக்கை வாங்க வேண்டும். அவர்கள் கேட்கும் முறையில் டிரான்ஸ்கிரிப்ட் நேராகப் பல்கலைக்கழகத்திலிருந்து போக வேண்டியிருக்கும். அதற்கு அலைய ஊரில் ஓர் ஆள் இருந்தால் நல்லது. அறிக்கை வந்ததும் பார்த்தால் சிரிப்பு வரும்: முதல் வருட ஒர்க்‌ஷாப்பில் ராவிய இரும்புத்துண்டுக்கும் ஒரு கிரெடிட், ஒரு கிரேடு போட்டிருப்பார்கள். ப்ராபபிலிட்டி அண்ட் ராண்டம் ப்ராசஸ் தாளை ஸ்டாட்டிஸ்டிக்ஸாக எடுத்துக்கொள்வீர்களா என்று சிலபஸை இணைத்து அட்மிஷன் ஆபீசுக்கு மெயில் போடுங்கள். ஒரு கல்லூரி சரி என்று சொல்லும், இன்னொன்று முடியாது என்று சொல்லும். பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நுழைவுத் தேர்வு பற்றி அதிகம் பயம் வேண்டாம். டீஸ் என்ற தேர்வில் 170 கேள்வி, 209 நிமிடம். வாசிப்பு, கணக்கு, அறிவியல், ஆங்கிலம். கணக்கு நமக்குத் தூசு. 50 கேள்விகள் கொண்ட அறிவியல் பகுதிக்குத்தான் உழைக்க வேண்டும், அனாடமி முடித்த கையோடு எழுதினால் பாதி வேலை முடிந்தது. சில கல்லூரிகள் இதற்குப் பதில் ஹெசி கேட்கும், சில எதுவும் கேட்காது. ஆங்கில வழியில் படித்திருந்தாலும் டோஃபல் கேட்கும் இடங்கள் உண்டு, அதில் பேச்சுப் பகுதியின் மதிப்பெண்ணைத் தனியாகப் பார்ப்பார்கள்.

அடுத்து, எதற்காக நர்சிங் என்று எழுதும் கட்டுரை. நம்மவர்களில் பெரும்பாலானோர் 'சிறுவயதிலிருந்தே சேவை மனப்பான்மை', 'பாட்டி மருத்துவமனையில் இருந்தபோது' என்று தொடங்குகிறார்கள். படிப்பவருக்கு அந்த அடுக்கில் அது நூறாவது பாட்டி. நர்ஸின் வேலை என்ன என்று நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகவே விண்ணப்பத்துக்கு முன்னால் நான் ஒரு முதியோர் இல்லத்தில் தன்னார்வலராகப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே மறதி நோய் முற்றிய ஒரு அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கும்போதெல்லாம் உதவியாளர், 'இப்போது வலது பக்கம் திருப்பப் போகிறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார். பதில் வரவே வராது. திருப்பியபிறகு குதிகாலில் சிவந்த இடத்தை விரலால் அழுத்தி, வெளுத்து மறுபடி சிவக்கிறதா என்று பார்ப்பார். வெளுக்காவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், உடனே நர்ஸைக் கூப்பிடுவார். கட்டுரையில் இதைத்தான் எழுதினேன். நேர்முகத்திலும் முதல் கேள்வி இதைப் பற்றியே வந்தது. 'டாக்டருக்குப் படிக்கலாமே, ஏன் நர்சிங்?' என்ற கேள்வியும் நிச்சயம் வரும். அதற்கு 'மருத்துவப் படிப்பு நீளம்' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பணம் விஷயம். தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கட்டணம் மட்டுமே 60,000 டாலரைத் தாண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்களில் அந்த மாநிலத்தவர் கட்டணம் கிடைத்தால் நல்ல வித்தியாசம் இருக்கும். எச்-4க்கு அது கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கூட்டரசின் கல்விக் கடன் குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும்தான், எச்-4க்கு இல்லை. ஏற்கெனவே இளநிலைப் பட்டம் இருப்பதால் பெல் என்ற கூட்டரசு மானியமும் வராது. படிக்கும் காலத்தில் வேலை பார்க்கலாம் என்று கணக்குப் போட வேண்டாம்: காலை ஏழு மணிக்குத் தொடங்கும் 12 மணி நேர கிளினிக்கல் (மருத்துவமனைப் பயிற்சி), மறுநாள் தேர்வு என்று ஓடும்.

கல்லூரியின் தரத்தைச் சரிபார்ப்பது சுலபம். சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். அங்கீகாரம் இருக்கிறதா, மாநில நர்சிங் வாரியத்தின் ஒப்புதல் பட்டியலில் இருக்கிறதா, என்கிளெக்ஸை முதல் முறையிலேயே தேறியவர்கள் எத்தனை சதவீதம், இந்த மூன்றும் போதும். கடைசிக் கணக்கை மாநில வாரியங்களே வெளியிடுகின்றன. 2023 ஜனவரியில் ஃபுளோரிடாவில் மூன்று பள்ளிகள் 7,600க்கும் மேற்பட்ட போலி நர்சிங் டிப்ளமோக்களை விற்றது அம்பலமானது. 'ப்ரீ-ரெக்விசிட் தேவையில்லை, கிளினிக்கல் பற்றிக் கவலைப்படாதீர்கள்' என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

இடம் கிடைத்தபிறகு போலீஸ் பின்னணிச் சோதனை, போதைப்பொருள் சோதனை, ஹெபடைட்டிஸ் பி, தட்டம்மை, சின்னம்மை தடுப்பாற்றலுக்கான ரத்தப் பரிசோதனை, சி.பி.ஆர். அட்டை என்று ஒரு பட்டியல் வரும். ஹெபடைட்டிஸ் பி ஊசிகளை முழுதாகப் போட மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் முன்பே தொடங்கிவிடுங்கள். காசநோய்க்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனைக்கு மட்டும் அவசரப்பட்டுக் கையை நீட்டாதீர்கள். நமக்கெல்லாம் குழந்தையிலேயே பி.சி.ஜி. போட்டிருப்பதால் அதில் வீங்கி பாசிட்டிவ் என்று வர வாய்ப்பு உண்டு, அப்புறம் எக்ஸ்ரே அது இது என்று இழுத்தடிக்கும். பி.சி.ஜி. போட்டிருக்கிறேன், குவாண்டிஃபெரான் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று முதலிலேயே கேட்டால் போதும்.