ஹம்ப்டா கணவாய்க்கு எந்த ஜாக்கெட்?

ஜூலையில் இமாச்சலின் ஹம்ப்டா கணவாய்க்கு மலையேற்றம் போக 2.5 அடுக்கு மழை ஜாக்கெட் (உள்ளே மெல்லிய பூச்சு மட்டும்) போதுமா, 3 அடுக்கு (உள்ளேயும் ஒரு துணி ஒட்டியது) வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். 3 அடுக்கே வாங்குங்கள். என் பழைய 2.5 அடுக்கில், முதுகுப்பையின் பட்டை உரசி உரசித் தோள்பக்கம் உள்பூச்சு பொடுகு மாதிரி உதிர்ந்துவிட்டது.

வெளித்துணி 70 டெனியர் (நூலின் கனத்தைச் சொல்லும் அளவு) அளவில் இருந்தால் பாறையில் உரசினாலும் தாங்கும். தண்ணீரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் 20,000 மி.மீ. என்ற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். உள்ளே திருப்பி, எல்லாத் தையலிலும் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அக்குளில் ஜிப் அவசியம். குலு பக்கத்து ஏற்றத்தில் மழை பாதி, வியர்வை பாதி!

அப்புறம், கடையில் ஸ்வெட்டருக்கு மேல் போட்டுக் கையைத் தூக்கிப் பாருங்கள். இடுப்பு தெரிந்தால் ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள்.