பாஸ்போர்ட்டுக்கு வீட்டுக்காரர் கையெழுத்து வேணுமா?

கேள்வி: சார், எனக்கு சிங்கப்பூர்ல வேலை கிடைக்கிற மாதிரி இருக்கு, பாஸ்போர்ட் எடுக்கணும். வீட்டுக்காரர் "நான் கையெழுத்து போடாம உனக்கு எவன் குடுப்பான்"ங்கறார். நிஜமாவே வேணுமா?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: வேண்டாம்மா. 2025 ஜூன்ல மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கே இந்த விஷயம் வந்துச்சு. டைவர்ஸ் கேஸ் நடந்துட்டிருக்கிற ஒரு பெண்கிட்ட கணவர் கையெழுத்து வாங்கிட்டு வாங்கன்னு பாஸ்போர்ட் ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க (டைவர்ஸ் கேஸ்ல எதிர்ல நிக்கிற மனுஷன்கிட்ட போய் கையெழுத்து கேக்கணுமாம், நல்லா இருக்கு கதை!). கல்யாணம் ஆயிட்டதால ஒரு பெண் தன் தனி அடையாளத்த இழந்துடறதில்ல, கணவர் அனுமதியோ கையெழுத்தோ தேவையே இல்லன்னு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தெளிவா சொல்லிட்டார்.

இன்னொன்னு தெரிஞ்சுக்கோங்க. 1967 வரைக்கும் பாஸ்போர்ட் குடுக்கறது கவர்மென்ட் இஷ்டம், குடுத்தா குடுப்பாங்க இல்லன்னா இல்ல, கேள்வி கேக்க முடியாது. அந்த வருஷம் ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்ல தலைமை நீதிபதி சுப்பா ராவ் தலைமையில, வெளிநாடு போறதும் தனிமனித சுதந்திரம்தான், சட்டம் இல்லாம தடுக்கக்கூடாதுன்னு 3-க்கு 2-ன்னு தீர்ப்பு வந்துச்சு, அதுக்கப்புறம்தான் அவசர அவசரமா பாஸ்போர்ட் சட்டமே போட்டாங்க. 1977-ல இந்திரா காந்தி மருமகள் மேனகா காந்தியோட பாஸ்போர்ட்ட பொதுநலன்னு சொல்லி கவர்மென்ட் ஒப்படைக்கச் சொன்னாங்க, என்ன பொதுநலம்னு கேட்டா அத சொல்றதும் பொதுநலனுக்கு நல்லதில்லன்னு பதில்! 1978 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டோட ஏழு நீதிபதிகள் பெஞ்ச், சும்மா ஒரு சட்டம் இருந்தா பத்தாது, அது நியாயமாவும் இருக்கணும்னு சொல்லிடுச்சு.

உங்க மேல கோர்ட்ல கிரிமினல் கேஸ் நிலுவையில இருந்தா மட்டும் அந்த கோர்ட்கிட்ட அனுமதி வாங்கணும். ஆக தடுக்கிறதுன்னா சட்டப்படிதான் தடுக்கணும், வீட்டுக்காரர் கோபம் அதுல வராது. ஆதார் மாதிரி ஒரிஜினல் பேப்பர் எல்லாம் உங்க கையில இருக்கான்னு முதல்ல பாருங்க, அதுதான் நிறைய வீட்ல பீரோ சாவியோட மாட்டிக்குது.

கேள்வி: என் அக்காவுக்கு 28 வயசு, எட்டாவதுதான் படிச்சிருக்கா. குவைத்துக்கு வீட்டு வேலைக்கு போகணும், வயசு பத்தலன்னு சொல்லிட்டாங்க. இது என்ன நியாயம்?
- ஒரு வாசகர், கடலூர்

பதில்: பத்தாவது பாஸ் பண்ணலன்னா பொதுவா பாஸ்போர்ட்ல ஈசிஆர்னு வரும் (வேலைக்கு வெளிநாடு போகும்முன்னாடி அரசு சரிபார்க்கணும்னு அர்த்தம்), வளைகுடா, மலேசியா மாதிரி 18 நாடுகளுக்கு வேலைக்கு போக அரசு க்ளியரன்ஸ் வேணும், பெண்களுக்கு 30 வயசு முடிஞ்சிருக்கணும். அங்க அடி உதை வாங்கி, சம்பளமும் இல்லாம திரும்பி வந்தவங்க இருக்காங்க, அதனால போட்ட ரூல்தான். ஆனா ஆம்பளைக்கு இந்த 30 கிடையாது, டிகிரி படிச்ச 22 வயசு பொண்ணுக்கும் கிடையாது, படிக்காத ஏழைப் பொண்ணுக்கு மட்டும்தான், இது எனக்கு சரியா படல. தப்பு பண்றது முதலாளியும் ஏஜென்டும், கதவ சாத்தறது இவங்களுக்கா? விசிட் விசால அனுப்பறேன்னு எந்த ஏஜென்டாவது வந்தா மட்டும் நம்பிடாதீங்க, அப்படி போனா ஒப்பந்தமும் இருக்காது, ஏதாவது ஆச்சுன்னா எம்பசிலயும் எந்த பதிவும் இருக்காது. சென்னைல ப்ரொடக்டர் ஆஃப் எமிக்ரன்ட்ஸ்னு, வெளிநாட்டு வேலைக்கு போறவங்கள பாதுகாக்கிற அரசு ஆபீஸ் இருக்கு, ஏஜென்ட் லைசென்ஸ் நிஜமான்னு அங்க கேட்டுட்டு அப்புறம் பணத்த எடுங்க.