உயரம் கூடிய ஓவியம் – கடிதம்

வணக்கம் சார்,

இரண்டு வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகிக்கு 26 வயது. ஓவியர், முதல் கண்காட்சிக்குத் தயாராகிறாள். அவள் அப்பாவின் நண்பர் ஒருவர், வயது 42, பல வருடம் வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறார். இருவருக்கும் காதல் வருகிறது. நாவலைப் படித்த தோழிகள் இரண்டு பேரும் முகம் சுளித்தார்கள். அவர் வயதை 34 ஆகக் குறைத்துவிடட்டுமா? முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

மூன்றையும் படித்தேன். வயதைக் குறைக்க வேண்டாம். 34 ஆக்கினால் தோழிகள் சும்மா இருப்பார்கள், நாவலும் சும்மா கிடக்கும்.

ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’ 1815 கடைசியில் வந்த நாவல். எம்மாவுக்கு 21 நிறையவில்லை. கடைசியில் அவள் கல்யாணம் செய்துகொள்ளும் நைட்லிக்கு 37 அல்லது 38, குடும்பத்துக்கு ரொம்ப காலப் பழக்கம். எம்மா அரைகுறையாகப் படமும் வரைவாள். தன் தோழியை நீர்வண்ணத்தில் வரைந்து எல்லோருக்கும் காட்டுகிறாள். ஒருவர் புகழ்ந்து தள்ளுகிறார். அப்பாவுக்கோ, படத்தில் இருக்கும் பெண் சின்னச் சால்வையோடு வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறாளே, சளி பிடிக்குமே என்று கவலை. நைட்லி மட்டும்தான் ‘அவளை ரொம்ப உயரமாக்கிவிட்டாய்’ என்கிறார். எம்மாவுக்கும் அது தெரியும். ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டாள். அவள் அவருடைய நண்பர் வீட்டுச் சின்னப்பெண்ணாக இருப்பது அந்த ஒரு நொடியில் நின்றுபோகிறது என்று எனக்குத் தோன்றும்.

உங்கள் நாயகர் மூன்று அத்தியாயங்களில் ஏழு ஓவியங்களைப் பார்க்கிறார். எண்ணிப் பார்த்தேன். ஏழுக்கும் ‘அற்புதம்’ என்கிறார். அவள் ஐந்து வயதில் கிரேயானால் கிறுக்கிக் காட்டியபோதும் இதையேதான் சொல்லியிருப்பார். தோழிகளை உறுத்தியது 42 என்ற எண் இல்லை, இதுதான். அவர் இன்னும் குழந்தையிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறார். பேச்சு அப்படி இருக்க, பார்வை மட்டும் காதலனுடையதாக இருந்தால் யாருக்கும் கூசத்தான் செய்யும்.

அதனால் இரண்டாம் அத்தியாயத்தில், அவள் பள்ளிச் சீருடையில் ஓடிவந்ததை நினைத்து அவர் உருகும் பத்தியை முழுசாக எடுத்துவிடுங்கள். அவருடைய காதல் வளர்ந்த பெண்ணைப் பார்த்த பிறகு தொடங்க வேண்டும், ஒரு நாள்கூட முன்னால் போகக் கூடாது. எம்மாவுக்குப் பதின்மூன்று வயதானதிலிருந்தே அவளைக் காதலித்ததாக நைட்லி ஓரிடத்தில் சொல்வார். எனக்குப் பிடித்த நாவல்தான், ஆனாலும் அந்த வரியை மட்டும் என்னால் கூச்சமில்லாமல் தாண்ட முடிவதில்லை.

நிஜத்தில் ஒன்று சொல்கிறேன். 1916இல் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் நியூயார்க்கில் தன் கலைக்கூடத்தில் ஒரு இளம் ஓவியரின் கரிக்கோல் சித்திரங்களை, அவரைக் கேட்காமலே மாட்டிவிட்டார். தகவல் தெரிந்து நேரே வந்து ‘கழற்றுங்கள்’ என்று சண்டை போட்டார் ஜார்ஜியா ஓ’கீஃப். அவருக்கு 28, ஸ்டீக்லிட்ஸுக்கு 52. சித்திரங்கள் இறங்கவில்லை. 1924இல் கல்யாணம் செய்துகொண்டார்கள். இந்தக் கதையில் ஸ்டீக்லிட்ஸ் செய்தது சரியில்லைதான். ஆனால் அந்தப் பெண் சண்டைக்கு வந்தார், பாருங்கள். உங்கள் நாயகி இதுவரை யாரிடமும் குரல் உயர்த்தவே இல்லை.

அப்புறம் பணம். கண்காட்சி அரங்க வாடகையை அவர் கட்டுவதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அது ஒரு வரியில் தீராது. நாளைக்கு அவள் ‘வேண்டாம்’ என்று சொன்னால் சுவரில் ஓவியங்கள் இருக்குமா? ஓவியர் ஃபிரான்சுவாஸ் ஜிலோ, தன்னோடு வாழ்ந்த, தன்னைவிட 40 வயது மூத்த பிக்காஸோவை 1953இல் விட்டுப் போனார். தன் செல்வாக்கை வைத்துக் கலைக்கூடங்களின் கதவை அவருக்கு அடைக்கப் பார்த்தார் பிக்காஸோ. ஜிலோ 101 வயதுவரை இருந்தார், வரைந்துகொண்டே இருந்தார் என்பது வேறு விஷயம். வாடகையை அவளே கட்டட்டும், கடன் வாங்கியாவது.

அவள் அவரை ‘அங்கிள்’ என்கிறாள். மூன்றாம் அத்தியாயத்தில் அது சத்தமில்லாமல் காணாமல் போய்விடுகிறது. அது போகும் இடம் ஒரு முழுக் காட்சி. அந்தச் சொல் தொண்டைவரை வந்து நிற்க, பெயரும் வாயில் வராமல், கொஞ்ச நாள் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே அவள் சமாளிப்பாள். ‘இங்க பாருங்க’ என்றே பேச்சைத் தொடங்குவாள். வீட்டில் அதை முதலில் கவனிப்பது அம்மாவாகத்தான் இருக்கும்.

கடைசியாக ஒரு தொழில் விஷயம். ராத்திரி முடித்த எண்ணெய் வண்ண ஓவியத்தைக் காலையில் காகிதம் சுற்றி அனுப்புகிறாள். அது அவ்வளவு சீக்கிரம் காயாது, தொட்டால் ஒட்டாமலிருக்கவே பல நாள் ஆகும். திருத்திவிடாதீர்கள், பயன்படுத்திக்கொள்ளுங்கள். அவர் ‘அற்புதம்’ என்று பக்கத்தில் போய் நிற்கும்போது முழங்கை அதில் படட்டும்.