லாங்வால் சுரங்கத்தில் கூரையை வேண்டுமென்றே இடிய விடுவது ஏன்?

கூரை இடிந்தால் விபத்துதானே, ஆட்கள் எப்படிப் பிழைப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். லாங்வால் என்பது நிலத்தடியில் நீண்ட நிலக்கரிச் சுவரை அடுத்தடுத்துச் சீவி எடுக்கும் முறை. அந்தச் சுரங்கத்தின் அமைப்பிலேயே இதற்கு விடை இருக்கிறது.

தெலங்கானாவில் ராமகுண்டம் அருகே சிங்கரேணி நிலக்கரி நிறுவனத்தின் அட்ரியாலா சுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். முதன்மைப் பாதைகளிலிருந்து இரண்டு கிளைப்பாதைகள், சுமார் 250 மீட்டர் இடைவெளியில், இணையாக நிலக்கரிக்குள் நீள்கின்றன. கடைக்கோடியில் குறுக்குப்பாதை ஒன்று அவற்றை இணைக்கிறது. நடுவே சிக்கும் நீண்ட செவ்வகப் பாளம்தான் பேனல். பொதுவாக ஒரு கிளைப்பாதையில் நல்ல காற்று வரும். மற்றொன்றில் மீத்தேனும் தூசியும் கலந்த காற்று வெளியேறும். இந்தக் காற்றோட்டம் தடைபடக் கூடாது. உயிர்கள் அதை நம்பியே இருக்கின்றன.

வெட்டு தொடங்குவது கடைக்கோடியில். பற்கள் பதித்த உருளைகள் சுழல, தண்ணீரைப் பீய்ச்சியபடி ஷியரர் இயந்திரம் நிலக்கரிச் சுவரைச் சீவிச் செல்லும். தொழிலாளர்களின் தலைக்கு மேலே வரிசையாக, திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் தாங்கிகள். ஷியரர் கடந்ததும் ஒவ்வொரு தாங்கியும் சற்றே தாழ்ந்து, ஏறக்குறைய ஒரு மீட்டர் முன்னே நகர்ந்து, மறுபடி கூரையை அழுத்திப் பிடிக்கும். பின்னால் தாங்குதல் இழந்த பாறை சரிந்து வெற்றிடத்தை நிரப்பும்.

அது சரியாமல் தொங்கினால்தான் ஆபத்து. முழுச் சுமையும் தாங்கிகள் மீது ஏறும். பின்பு மொத்தமாக விழுந்தால் காற்று வெடிபோல் சீறிவரும். வேலை எப்போதும் முதன்மைப் பாதையை நோக்கிப் பின்வாங்குவதால் இடிபாடு ஆட்களுக்குப் பின்னாலேயே தங்கிவிடுகிறது. மேலே நிலம் தாழும் என்பது உண்மை. அதனால் பேனலை எங்கே அமைப்பது என்பதை ஊரையும் நீர்நிலைகளையும் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.