ஆச்சியைக் கேளுங்கள்: வலென்சியாவில் வழி

போன இதழில், மகள் வீட்டுக்குப் போய் ஸ்பெயின் நாட்டுக் கடலோர ஊரான வலென்சியாவில் இரண்டு மாதம் இருந்த கதையை நாலு வரி எழுதினேன். இந்தத் தடவை மாமியார் மருமகள் கேள்விகளை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது வலென்சியா. சரி, இந்த இதழ் முழுக்க அதுவே.

கே: மகன் மாட்ரிட் வரைக்கும் விமான டிக்கெட் போட்டிருக்கிறான். அங்கிருந்து வலென்சியாவுக்கு இன்னொரு விமானமா, ரயிலா? எனக்கும் வீட்டுக்காரிக்கும் அறுபது தாண்டிவிட்டது. (காரைக்குடி வாசகர்)

ரயில்தான், யோசிக்கவே வேண்டாம். 2010 டிசம்பரில் விட்ட அதிவேக ரயில், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய்விடும். நீங்கள் காலையில் பல்லவன் ரயிலில் ஏறினால் அந்த நேரத்துக்குத் திருச்சியைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்பீர்கள். ஆனால் மாட்ரிட்டில் பெரிய ஸ்டேஷன் இரண்டு, அத்தோச்சா ஒன்று, சமார்தீன் ஒன்று. எதில் ஏற வேண்டும் என்று டிக்கெட்டில் பார்த்து மகனை இப்போதே பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம், ஏறும் முன் பெட்டியை மெஷினில் விட்டுச் சோதிப்பார்கள், அதனால் நம் ஊர் மாதிரி கடைசி நிமிஷத்தில் ஓடி ஏற முடியாது. அரை மணி முன்னால் போய்விடுங்கள்.

வலென்சியாவுக்கே நேராகப் பறந்து வருகிறவர்களுக்கு இன்னும் சுலபம். விமான நிலையத்துக்குள்ளிருந்தே மெட்ரோ இருக்கிறது, 3, 5 என்ற இரண்டு லைனும் ஊர் நடுவுக்குப் போகும்.

கே: ஊருக்குள் சுற்ற தினமும் டாக்சிதானா? (புதுவயல் வாசகி)

டாக்சிக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடித்து ஆரஞ்சு ஜூஸ் குடியுங்கள். மெட்ரோ, டிராம், சிவப்பு நிற பஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து சுமா என்று ஒரு கார்டு இருக்கிறது, பத்துப் பயணமாகப் பணம் போட்டுக்கொள்ளலாம். விமான நிலையத்துக்கு மட்டும் கட்டணம் தனி. மெட்ரோவில் ஏறும்போது காட்டிய கார்டை இறங்கி வெளியே வரும்போதும் காட்ட வேண்டும், நான் முதல் நாள் அதைப் பைக்குள் எங்கேயோ போட்டுவிட்டுக் கதவுக்கு முன்னால் நின்று மொத்தத்தையும் கொட்டிக் கவிழ்த்தேன், பின்னால் பெரிய வரிசை. இன்னொன்று, போர்டில் இரண்டு மொழி இருக்கும். ஒன்று ஸ்பானிஷ், இன்னொன்று அந்த ஊர்க்காரர்களின் வலென்சிய மொழி. வெளியே போகும் வழிக்கு ‘சலீதா’ என்றும் இருக்கும், ‘எய்ஷீதா’ என்றும் இருக்கும், இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் அந்த ஊரின் நல்ல பாதை ஆறுதான். தண்ணீர் இல்லாத ஆறு! 1957 அக்டோபர் 14ஆம் தேதி துரியா ஆறு பெருகி ஊரையே மூழ்கடித்தது. அதற்கப்புறம் ஊருக்குத் தெற்கே புதுக் கால்வாய் வெட்டி ஆற்றைத் திருப்பிவிட்டார்கள். காலியான பழைய படுகையில் நெடுஞ்சாலை போடப் பார்த்தார்கள், ஊர்க்காரர்கள் விடவில்லை, எங்களுக்குப் பச்சையாக வேண்டும் என்று நின்று சாதித்தார்கள். இன்று ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்குத் தோட்டம், மேலே பழைய பாலங்கள், கீழே நடக்கிறவர்களும் சைக்கிள்காரர்களும். ஊருக்குள் வழி தவறினால் யாரையும் கேட்காதீர்கள், ஆற்றுப் படுகையைத் தேடி இறங்கிவிடுங்கள், கடல் பக்கமாக நடந்தால் கலத்ராவா என்ற கட்டடக் கலைஞர் கட்டிய வெள்ளை வெளேர் அறிவியல் நகரத்துக்குப் போய்ச் சேர்வீர்கள். சைக்கிளுக்கென்று கோடு போட்ட பாதையில் மட்டும் நடக்காதீர்கள், மணி அடித்தே விரட்டுவார்கள். 2024 அக்டோபர் 29 வெள்ளத்தில் இருநூறு பேருக்கு மேல் இறந்தார்களே, அது பெரும்பாலும் அந்தப் புதுக் கால்வாய்க்குத் தெற்கே இருக்கும் ஊர்களில்தான். நடு ஊர் தப்பியது, தெற்கே இருந்தவர்கள் பட்டார்கள். அந்தத் தோட்டத்தில் நடக்கும்போது எனக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது.

கே: நான் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா ஆச்சி? (தேவகோட்டை வாசகி)

பட்டினி இல்லை, நேரம் தெரியாவிட்டால்தான் பட்டினி. அங்கே மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு, இராச் சாப்பாடு ஒன்பதுக்கு. ஆறரைக்குப் பசிக்கிறது என்று போனால் நாற்காலியைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். நடுவில் பத்தரை வாக்கில் ஊரே வேலையை நிறுத்திவிட்டு ரொட்டியும் காபியுமாக உட்காரும், நீங்களும் உட்கார்ந்துவிடுங்கள். நடு ஊரிலுள்ள மத்திய மார்க்கெட்டுக்குக் காலையிலேயே போக வேண்டும், மதியத்தோடு மூடிவிடும், ஞாயிறு லீவு.

‘சோய் வெஹெத்தாரியானா’, அதாவது நான் சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. சாலட் கேட்டால் மேலே சூரை மீனை உதிர்த்துப் போட்டுக் கொண்டுவருவார்கள், அவர்கள் கணக்கில் அது பெரிய விஷயமில்லை போல. ‘சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்’, அதாவது கறி இல்லாமல், மீன் இல்லாமல், பன்றித் தொடை இல்லாமல் என்று மூன்றையும் சொல்லுங்கள். பயேயா என்கிற அரிசிச் சோறு அந்த ஊர்ப் பெருமை, அசலில் கோழியும் முயலும் பீன்ஸும் போட்டது. காய்கறி பயேயாவும் கிடைக்கும், ஆனால் எந்தத் தண்ணீரில் வேக வைத்தீர்கள், எலும்புச் சாறா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பாத்திரத்தின் அடியில் பிடித்த சோற்றுக்குத் தனிப் பெயரே உண்டு, சொகார்ராத். அதற்கு மேஜையில் போட்டி நடக்கும். நம் வீட்டில் என்றால் அடுப்படியில் நின்றவளுக்கு ஏச்சு விழுந்திருக்கும்.

வெயிலில் ஓர்சாத்தா குடியுங்கள், கோரைக்கிழங்கு வகை ஒன்றை அரைத்துப் பிழிந்த பால், மாட்டுப்பால் கலக்காதது. பக்கத்திலேயே அல்போராயா என்ற ஊர் அதற்குப் பேர் போனது, மெட்ரோ போகிறது.

கே: ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டில் வளர்ந்தவன். அங்கே கல்லும் ஓடும் பார்க்க எங்கே போகலாம்? (கானாடுகாத்தான் வாசகர்)

1917இல் திறந்த வடக்கு ஸ்டேஷனுக்குப் போங்கள், ரயில் ஏறாவிட்டாலும். உள்ளே சுவரெல்லாம் ஓட்டுச் சித்திரம், ‘பயணம் நல்லபடியாக அமையட்டும்’ என்று பல மொழியில் எழுதியிருக்கிறது. தமிழைத் தேடினேன், இல்லை. அப்புறம் தோஸ் அகுவாஸ் பிரபுவின் மாளிகையில் பீங்கான் மியூசியம். திங்கட்கிழமை மூடியிருக்கும். மாடியில் தரையிலிருந்து சுவர் வரை ஓடு பதித்த அடுப்படி ஒன்றை வைத்திருக்கிறார்கள், பார்த்துவிட்டு நகர மனசு வராது. நம்முடையது கண்ணாடி மேல் சாயமும் சிமெண்டும் ஊற்றிக் காய வைப்பது, அவர்களுடையது களிமண்ணைச் சூளையில் சுட்டு மெருகேற்றியது. வழி வேறு, மினுமினுப்பு மட்டும் ஒன்று.

பட்டு மண்டியான லோன்ஹாவையும் விட்டுவிடாதீர்கள், மார்க்கெட்டுக்கு எதிரேதான். முறுக்கிப் பிழிந்த மாதிரித் தூண்கள். பேரம் பேசின அந்தக் கூடத்தில் சுவரைச் சுற்றி லத்தீனில் எழுதியிருக்கிறதை மகள் படித்துச் சொன்னாள்: ஏமாற்றாத, வட்டிக்கு விடாத வியாபாரிதான் செல்வமும் சேர்ப்பான், மோட்சமும் அடைவானாம். பர்மாவில் கிட்டங்கி வைத்து வட்டிக்கு விட்ட எங்கள் அய்யாவை நினைத்துக்கொண்டு நான் ஒன்றும் பேசாமல் வெளியே வந்துவிட்டேன்.

கே: கண்மாய்ப் பாசன விவசாயி நான். சர்ச்சும் மியூசியமும் எனக்கு ஆகாது. வேறென்ன இருக்கிறது? (கல்லல் வாசகர்)

உங்களுக்கென்றே ஒன்று இருக்கிறது. வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலுக்குப் போய் நில்லுங்கள். (ஆமாம், சர்ச்தான், உள்ளே போக வேண்டாம்.) கறுப்பு அங்கி போட்ட விவசாயிகள் வந்து வட்டமாக உட்காருவார்கள். அதுதான் தண்ணீர் நீதிமன்றம். துரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்காலுக்கும் பாசனக்காரர்களே தேர்ந்தெடுத்த ஆட்கள் அவர்கள். முறை தவறித் தண்ணீர் எடுத்தவன், வாய்க்காலைத் தூர் வாராமல் விட்டவன் மேல் புகார் இருந்தால் அங்கேயே விசாரணை, அங்கேயே தீர்ப்பு. எல்லாம் வாய்ப்பேச்சுதான், வக்கீல் கிடையாது, அப்பீல் கிடையாது. யார் பேசலாம் என்பதைத் தலைவர் காலை நீட்டிக் காட்டுவாராம். ஒவ்வொரு வாய்க்காலாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், நான் போன அன்று எந்த வழக்கும் இல்லை, ஐந்து நிமிஷத்தில் எழுந்து போய்விட்டார்கள். 2009இல் யுனெஸ்கோ இந்த நீதிமன்றத்தைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் பக்கத்தில் மடையைத் திறக்க நீர்பாய்ச்சி இருந்து, முறை வைத்துத் தண்ணீர் விட்ட காலத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், உங்களுக்குப் புரிகிற அளவு எனக்குப் புரியவில்லை.

நெல் வயல் பார்க்க ஆசை என்றால் அல்புஃபேரா ஏரிக்குப் போங்கள். 24ஆம் நம்பர் பஸ் எல் பால்மார் வரை போகும், படகும் உண்டு.

கே: கடற்கரைக்குச் சேலையில் போகலாமா? (பள்ளத்தூர் வாசகி)

தாராளமாக. மால்வரோசா கடற்கரைக்கு டிராமில் போங்கள். அங்கே உங்களை யாரும் பார்க்க மாட்டார்கள், நீங்கள்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கடலையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

கே: மார்ச்சில் போகலாம் என்று இருக்கிறோம், சரிதானே? (காரைக்குடி வாசகர், இன்னொருவர்)

15 முதல் 19 வரை ஃபாயாஸ் திருவிழா. மாதம் பிறந்ததிலிருந்தே தினமும் மதியம் இரண்டு மணிக்கு வெடி போடுவார்கள், கடைசி இரவு தெருத்தெருவாய் வைத்த பெரிய பொம்மைகளைக் கொளுத்துவார்கள். வெடிச் சத்தம் ஆகாதவர்கள் ஏப்ரலில் போங்கள். சத்தம் பிடிக்கும் என்றால் ரூமை இப்போதே போட்டுவிடுங்கள்.

கே: பேத்திக்குக் கொஞ்சம் நெய்யும் கறிவேப்பிலையும் கொண்டுபோகலாமா? (தேவகோட்டை வாசகி, இன்னொருவர்)

நெய் கூடாது, பால்கோவாவும் கூடாது. பால் பொருளும் இறைச்சியும் வெளிநாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குள் எடுத்துவர விடமாட்டார்கள். மணகோலம், சீப்புச்சீடை எண்ணெயில் சுட்டதாக இருந்தால் கொண்டுபோங்கள். பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் முடியாது. கறிவேப்பிலை, ஆரஞ்சு, எலுமிச்சை எல்லாம் ஒரே குடும்பம், நம் இலையில் ஒட்டிப் போகும் பூச்சி அவர்கள் ஆரஞ்சுத் தோட்டத்தையே அழித்துவிடும் என்று பயம். வலென்சியாவில் ஆரஞ்சுக்காரர்களிடம் போய் இதைப் பேசிப் பாருங்கள், தெரியும். நிழலில் காய வைத்துப் பொடித்து, பருப்புப் பொடியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.