பர்லாரே அட்டவணையில் பாதி, ‘இரு’ என்ற சொல்லுக்குள் இருக்கிறது

கேள்வி: சிசிலியில், பலேர்மோவில் 11 வருடமாக இருக்கிறேன். வயதான ஓர் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இத்தாலியக் குடியுரிமைக்காக பி1 (இடைநிலை) மொழித் தேர்வு எழுதவேண்டும். மாலை வகுப்பில் ‘பர்லாரே’ (பேசுதல்) என்ற ஒரே வினைக்கு ஒரு பெரிய அட்டவணை கொடுத்தார்கள். சமையலறைச் சுவரில் ஒட்டி வரிசையாகப் பாடமாக்குகிறேன். வாயைத் திறந்தால் ஒன்றும் வருவதில்லை. ‘பேசினேன்’ என்பதற்கு வகுப்பில் ‘ஓ பர்லாத்தோ’ என்கிறார்கள், வேலை செய்யும் வீட்டில் அந்த அம்மா ‘பர்லாய்’ என்கிறார். எது சரி? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இரண்டுமே சரி. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த அட்டவணையைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். அதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அது தேடிப் பார்ப்பதற்கான அகராதி போன்றது. அகராதியை வரிசையாகப் பாடமாக்கி யாரும் பேசக் கற்றதில்லை.

எண்ணிப் பார்த்தால் அதில் 95 கட்டங்கள் இருக்கும். செய்தி சொல்வது, ஏவுவது, விருப்பமோ ஐயமோ சொல்வது, நிபந்தனையோடு சொல்வது என ஏழு வகைப் பாங்குகள், அவற்றுக்குள் 21 காலங்கள். மலைக்க வேண்டாம். 95-இல் 44 கட்டங்களில் பர்லாரே மாறுவதே இல்லை. ‘பர்லாத்தோ’ என்ற ஒரே சொல் அப்படியே நிற்க, அதற்கு முன்னால் வரும் ‘அவேரே’ என்ற துணைவினை மட்டும் மாறுகிறது. (தமிழில் இடையில் வரும் த குழைந்துவிடும் என்பதால் ‘த்த’ என்று எழுதுகிறேன்; இத்தாலிய எழுத்தில் அங்கே ஒற்றை எழுத்துத்தான்.)

இதைத் தமிழர்களுக்கு விளக்குவது எளிது. ‘பேசி’ என்பதை மாற்றாமல் வைத்துக்கொண்டு ‘இரு’ என்பதை மட்டும் நாம் எப்படியெல்லாம் திருப்புகிறோம் என்று பாருங்கள். பேசியிருக்கிறேன்: ஓ பர்லாத்தோ. பேசியிருந்தேன்: அவேவோ பர்லாத்தோ. பேசியிருப்பேன்: அவ்ரோ பர்லாத்தோ. நான் பேசியிருந்தால்: செ அவெஸ்ஸி பர்லாத்தோ. நீங்கள் ‘கதைத்திருந்தேன், கதைத்திருப்பேன்’ என்று சொல்லிப் பார்ப்பவராக இருந்தால் இன்னும் நல்லது, உங்கள் வாய்க்கு எது பழக்கமோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒற்றுமை மேலோட்டமானதல்ல. ‘அவன் இந்நேரம் டாக்டரிடம் பேசியிருப்பான்’ என்றால் நாம் எதிர்காலத்தைச் சொல்லவில்லை, நடந்திருக்கும் என்று ஊகிக்கிறோம். இத்தாலியர்களும் அதே ஊகத்தை அதே எதிர்கால வடிவில்தான் சொல்வார்கள்: ‘அவ்ரா பர்லாத்தோ’. வகுப்பில் இந்த இடத்தில் பலர் தடுமாறுகிறார்கள். தமிழ் வழியாக வந்தால் தடுமாற ஒன்றுமே இல்லை.

இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். நாம் ‘நேற்றுப் பேசினேன்’ என்று நேராகச் சொல்லும் இடத்திலும் அவர்கள் ‘ஓ பர்லாத்தோ’ என்பார்கள். பேசியிருக்கிறேன், பேசினேன் இரண்டுக்கும் அதுவே. மற்றொன்று, போவது, வருவது போன்ற வினைகள் அவேரேயை விட்டு ‘எஸ்ஸெரே’ என்பதைச் சேர்த்துக்கொள்ளும். எஸ்ஸெரே என்றால் இருத்தல், நம் ‘இரு’வேதான். ‘வந்து சேர்ந்திருக்கிறேன்’ என்று ஆண் சொன்னால் ‘சோனோ அர்ரிவாத்தோ’, நீங்கள் சொன்னால் ‘சோனோ அர்ரிவாத்தா’. நமக்கு ஆண்பால் பெண்பால் வேறுபாடு வந்தான், வந்தாள் என்று படர்க்கையில் மட்டும்தான். அவர்களுக்கு எஸ்ஸெரே வரும் இடங்களில் ‘நான்’ என்று சொல்லும்போதும் உண்டு.

இனி வினையே உருமாறும் இடங்கள். நிகழ்காலம்: பார்லோ, பார்லி, பார்லா, பர்லியாமோ, பர்லாத்தே, பார்லனோ. நான், நீ, அவன்/அவள், நாங்கள், நீங்கள் (பலர்), அவர்கள் என்ற வரிசை. பேசுகிறேன் என்றால் ‘நான்’ தேவையில்லாததுபோல பார்லோ என்றால் ‘இயோ’ தேவையில்லை. ஆங்கிலம் வழியாக இத்தாலியம் படித்தவர்கள் ஒவ்வொரு வாக்கியத்திலும் இயோ, இயோ என்பார்கள். கேட்பவர் காதுக்கு அது ‘நான்தான் பேசுகிறேன், நான்தான் போகிறேன்’ என்று அழுத்திச் சொல்வதுபோல இருக்கும். கடைசிச் சொல்லில் அழுத்தம் முதல் அசையில் விழவேண்டும்: பார்லனோ. நம்மவர்கள் ‘பர்லானோ’ என்று நடுவில் நீட்டிவிடுகிறார்கள்.

கடந்த காலத்தில் வழக்கமாக நடந்ததற்கும் நடந்துகொண்டிருந்ததற்கும் ‘வ’ சேரும்: பர்லாவோ, பர்லாவி, பர்லாவா. ‘தா பிக்கோலா பர்லாவோ சோலோ தாமில்’, அதாவது சின்ன வயதில் தமிழ் மட்டும்தான் பேசுவேன். ஒரு தடவை நடந்து முடிந்ததற்கு இது பொருந்தாது.

எதிர்காலத்தில் பர்லாரேயின் நடுவிலுள்ள ஆ, எ ஆகிவிடும்: பர்லெரோ. அதன் முடிவுகளைத் தனியாகப் பாடமாக்க வேண்டாம். லத்தீனில் முழு வினையோடு அவேரேயின் மூதாதைச் சொல்லைச் சேர்த்ததில் பிறந்த வடிவம் இது. அதனால்தான் பர்லெரோ, பர்லெராய், பர்லெரா, பர்லெரான்னோ என்பவற்றின் வாலில் ஓ, ஆய், ஆ, ஆன்னோ என்று அவேரேயின் நிகழ்காலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘பேசுவேன், ஆனால்…’ என்னும் நிபந்தனைப் பாங்கிலும் அதே கதைதான், அங்கே ஒட்டியிருப்பது அவேரேயின் கடந்த காலம்: பர்லெரேய், பர்லெரெஸ்தி, பர்லெரெப்பே. கடைசி ‘ப்ப’வை ரப்பர் என்று சொல்லும்போது வருவதுபோல ஒலிக்கவேண்டும்.

இங்கே ஓர் எழுத்தில் பொருளே மாறும். பர்லெரேமோ என்றால் பேசுவோம், உறுதி. பர்லெரெம்மோ என்றால் முடிந்தால் பேசுவோம். ஒற்றை ம-வுக்கும் இரட்டை ம-வுக்கும் உள்ள வித்தியாசம் பிற நாட்டவர் பலருக்குக் காதில் விழுவதே கடினம். பலிக்கும் பல்லிக்கும் வித்தியாசம் தெரிந்து வளர்ந்தவர்கள் நாம், அந்தக் காதை நம்புங்கள்.

உங்கள் வேலைக்கு மிகவும் தேவையான சொல் ‘பார்லி’. அட்டவணையில் அது ஐந்து கட்டங்களில் இருக்கும். நீ பேசுகிறாய் என்பது ஒன்று. ‘அவர் பேசுகிறார் என்று நினைக்கிறேன்’ போன்ற இடங்களில் வரும் ஐயப் பாங்கில் நான், நீ, அவர் மூன்றுக்கும் பார்லிதான்: ‘பென்சோ கே பார்லி’. ஐந்தாவது, மரியாதையோடு ஏவுவது: ‘பேசுங்கள்’. ‘பேசு’ என்று ஒருமையில் சொன்னால்தான் பார்லா.

ஆகவே அந்த அம்மாவிடம் ‘சாப்பிடுங்கள்’ என்று சொல்ல நினைத்து ‘மாஞ்சா’ என்றால், சாப்பிடு என்று சொன்னதாகிவிடும். ‘மாஞ்சி, சிஞ்ஞோரா’ என்பதே சரி. ‘பொறுங்கள்’ என்பது ‘அஸ்பெத்தி’. ஆனால் ஏரே, ஈரே என்று முடியும் வினைகளில் இது தலைகீழாகும்: ‘ப்ரெந்தி’ என்றால் எடு, ‘ப்ரெந்தா’ என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், ‘தோர்மி’ என்றால் தூங்கு, ‘தோர்மா’ என்றால் தூங்குங்கள். ஆரே வினைக்கு மரியாதை இ-யில், மற்றவற்றுக்கு ஆ-வில். மாத்திரை கொடுக்கும் நேரத்தில் ‘சிஞ்ஞோரா, ப்ரெந்தா’ என்று ஒரு வாரம் சொன்னால் போதும், பிறகு மறக்காது. ‘பேசாதே’ என்று நீ போட்டுச் சொல்லும்போது மட்டும் முழு வினையே வரும்: ‘நோன் பர்லாரே’.

‘இன்னும் நன்றாகப் பேசினால் வேறு வேலை கிடைக்குமே’ என்பதைச் சொல்ல, பேசினால் என்ற பாதிக்கு ‘செ பர்லஸ்ஸி மேலியோ’, கிடைக்குமே என்ற பாதிக்கு ‘த்ரொவெரேய் உன் ஆல்த்ரோ லவோரோ’. நம் ‘ஆல்’ விகுதி செய்யும் வேலையை அங்கே அஸ்ஸி செய்கிறது. ‘செ பர்லெரேய்’ என்பது பிழை; பள்ளியில் இத்தாலியப் பிள்ளைகளையும் திருத்துகிற பிழை அது. சிசிலிய மொழியில் பெரும்பாலும் இரண்டு பாதிக்கும் அஸ்ஸி போன்ற வடிவமே வரும் என்பதால், தெருவில் அப்படியும் கேட்பீர்கள். தேர்வுத் தாளில் இரண்டாம் பாதி த்ரொவெரேய் என்றே இருக்கட்டும்.

இப்போது அந்த ‘பர்லாய்’. அதன் பெயர் ‘பஸ்ஸாத்தோ ரெமோத்தோ’, தொலைவான கடந்த காலம். வட இத்தாலியில் பேச்சில் கிட்டத்தட்ட வழக்கொழிந்துவிட்டது, கதைகளிலும் வரலாற்றிலும்தான் வாழ்கிறது. சிசிலியிலோ காலையில் நடந்ததைக்கூட மக்கள் அதில்தான் சொல்வார்கள். அந்த அம்மா தம் மண்ணின் வழக்கில் பேசுகிறார், வகுப்பில் பொது வழக்கைச் சொல்லித்தருகிறார்கள். உங்களுக்கு அது காதுக்கும் கண்ணுக்கும் போதும்: பர்லாய், பர்லாஸ்தி, பர்லோ, பர்லம்மோ, பர்லாஸ்தே, பர்லாரொனோ. வாசிப்புப் பகுதியில் ‘கரிபால்தி 1860-இல் மார்சாலாவில் ஸ்பர்கோ’ என்று வந்தால், கரையிறங்கினார் என்று புரியவேண்டும். பேசுகிறேன் என்பதற்கும் பேசினார் என்பதற்கும் அழுத்தம் மட்டுமே வேறு: முன்னால் அழுத்தினால் நான் பேசுகிறேன், பின்னால் அழுத்தினால் அவர் பேசினார். எழுத்தில் பின்னதற்கு ஓ-வின் தலையில் ஒரு சாய்கோடு இருக்கும். அதை விட்டுவிட்டால் ஆளும் மாறும், காலமும் மாறும்.

ஏரே, ஈரே வினைகளைப் பற்றிச் சுருக்கமாக. உயிரெழுத்து மட்டும் மாறும், சட்டகம் இதேதான். பர்லாத்தோவுக்கு இணையாக வெந்தூத்தோ (விற்று), தொர்மீத்தோ (தூங்கி). ஈரே வினைகள் பலவற்றில் நடுவில் ‘இஸ்க்’ நுழையும்: புலீஸ்கோ (சுத்தம் செய்கிறேன்), புலீஷி, புலீஷே, புலீஸ்கொனோ. நாங்கள், நீங்கள் வரும்போது அது நுழையாது: புலியாமோ, புலீத்தே. செர்கோ (தேடுகிறேன்) என்பது செர்கி (தேடுகிறாய்) ஆகும்போது எழுத்தில் ஓர் எச் சேர்ப்பது, க ஒலி ச ஆகிவிடாமல் காப்பதற்காக. அதை ஒழுங்கற்ற வினை என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்.

2018-இல் சட்டம் மாறியபிறகு குடியுரிமைக்குக் கேட்கும் பி1 சான்றுக்கு, சியெனா பல்கலைக்கழகத்தின் சில்ஸ் தேர்வை எழுதினாலும் பெருஜா பல்கலைக்கழகத்தின் செலி தேர்வை எழுதினாலும் இந்த வரிசையில் போங்கள். முதல் இரண்டு வாரம் அவேரே, எஸ்ஸெரே இரண்டின் நிகழ்காலமும், கடந்த காலத்தில் வழக்கமாக நடந்ததைச் சொல்லும் வடிவமும். அவை ஒழுங்கற்றவை என்பதால் இவற்றை மட்டும் பாடமாக்கத்தான் வேண்டும். அவை வந்துவிட்டால் நடந்ததையெல்லாம் சொல்லிவிடலாம். பிறகு மரியாதை ஏவல், அடுத்து எதிர்காலமும் நிபந்தனைப் பாங்கும் சேர்த்து, கடைசியில் ‘பென்சோ கே’க்குப் பின்வரும் ஐயப் பாங்கு. ஒவ்வொன்றையும் பர்லாரேயில் ஒரு தடவை, வேலையில் கைக்கு வரும் லவாரே (கழுவு), அயுத்தாரே (உதவு) இரண்டிலும் ஒரு தடவை, வாய்விட்டுச் சொல்லுங்கள். இரவில் அன்று அந்த வீட்டில் செய்த ஐந்து காரியங்களை ‘ஓ லவாத்தோ, ஓ அயுத்தாத்தோ’ என்று எழுதிவையுங்கள். மறுநாள் அந்த அம்மாவிடமே வாசித்துக் காட்டுங்கள். அவர் ‘லவாய், அயுத்தாய்’ என்று மாற்றிச் சொன்னால் உங்கள் வாக்கியம் பிழை என்று பொருளில்லை. அதே சொல்லை சிசிலி வழக்கில் கேட்கிறீர்கள், அவ்வளவுதான்.